எந்த ஊர் அதிகம் குடிக்கிறது? தரவரிசை போடும் முறை பற்றி

#1 வைகைக்கரை

தீபாவளி முடிந்த மறுநாளே "குடியில் முதலிடம் மதுரை" என்ற படம் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. 2023 தீபாவளிக்குச் செய்தித்தாள்களில் வந்த டாஸ்மாக் கணக்கு இதுதான். நவம்பர் 11 அன்று மதுரை 52.73 கோடி, சென்னை 48.12, கோவை 40.20, திருச்சி 40.02, சேலம் 39.78. அடுத்த நாள் நவம்பர் 12, தீபாவளியன்று திருச்சி 55.60 கோடி, சென்னை 52.98, மதுரை 51.97, சேலம் 46.62, கோவை 39.61. இரண்டு நாளும் சேர்ந்து 467.63 கோடி.

தமிழ்நாட்டு நகரங்களை, அங்கே வசிப்பவர்கள் குடிக்கும் அளவை வைத்து ஒழுங்காக வரிசைப்படுத்த வேண்டும் என்றால் எந்த எண்ணை எடுப்பது? ரூபாயா, பெட்டியா, கணக்கெடுப்பில் வரும் சதவீதமா? இந்த வேலை தெரிந்தவர்கள் படிப்படியாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 பேரேடு

முதலில் அந்தப் பட்டியலை முடித்துவிடலாம். அதில் உள்ள மதுரை நகரமே கிடையாது, டாஸ்மாக்கின் மதுரை மண்டலம். தெற்கே கன்னியாகுமரி வரைக்கும் உள்ள மாவட்டங்கள் அதில் அடங்கும். மாநிலம் முழுவதையும் ஐந்து மண்டலமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மண்டலங்களின் மக்கள்தொகையும் சமம் இல்லை, கடை எண்ணிக்கையும் சமம் இல்லை. அதைக் கொண்டுபோய் ஒரு நகரத்து மக்கள் தலையில் கட்டுவது அநியாயம்.

நீங்கள் கொடுத்த எண்களையே பாருங்கள். முதல் நாள் மதுரை முதலிடம், திருச்சி நான்காவது. மறுநாள் திருச்சி முதலிடம், மதுரை மூன்றாவது. ஒரே இரவில் லட்சக்கணக்கானோரின் குடிப்பழக்கம் மாறிவிடாது. முன்கூட்டியே வாங்கி வைப்பவர்கள் எத்தனை பேர், அன்றன்றைக்கு வாங்குபவர்கள் எத்தனை பேர் என்பதுதான் மாறுகிறது. இரண்டு நாளையும் கூட்டினால் மதுரை 104.70, சென்னை 101.10. இடைவெளி மூன்றரை சதவீதம்.

அடுத்து, இது ரூபாய். சென்னையில் விலை உயர்ந்த சரக்கு அதிகம் போகிறது, சிற்றூர்க் கடையில் குறைந்த விலைக் குவார்ட்டர்தான் பெரும்பங்கு. அதே ஒரு கோடி ரூபாய்க்கு இரண்டு இடத்திலும் வேறு வேறு லிட்டர். மேலும், கடை விற்பனையில் நட்சத்திர ஓட்டல், கிளப் ஆகியவற்றின் எஃப்.எல்.2, எஃப்.எல்.3 உரிமங்கள் மூலம் போகும் அளவு வராது. அவர்கள் கிடங்கிலிருந்து நேராக எடுக்கிறார்கள். அப்படிப்பட்ட இடங்கள் அதிகம் இருப்பது சென்னையில்தான். ஆக, கடை விற்பனைப் பட்டியலில் சென்னை எப்போதும் குறைத்துக் காட்டப்படுகிறது.

ரூபாயை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவதும் இதே சிக்கல்தான். 2023-24-இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 45,855 கோடி, 2024-25-இல் 48,344 கோடி. உயர்வு 5.4 சதவீதம். ஆனால் 2024 பிப்ரவரி 1 முதல் சாதாரணக் குவார்ட்டர் 130-இலிருந்து 140 ஆனது, அதாவது 7.7 சதவீதம் விலையேற்றம். "குடி கூடிவிட்டது" என்று அந்த வருமான உயர்வை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது.

#3 நிலாமுற்றம்

அப்படியானால் ரூபாயை விட்டுவிட்டு, விற்ற பெட்டிகளை மக்கள்தொகையால் வகுத்தால் போதுமே? சரக்குப் பெட்டி, பீர் பெட்டி இரண்டுக்கும் சேர்த்து ஒரே எண்ணாகச் சில பட்டியல்களில் பார்த்திருக்கிறேன்.

#4 பேரேடு

பெட்டிகளைக் கூட்டவே கூடாது நண்பரே. எல்லாவற்றையும் தூய ஆல்கஹால் லிட்டராக மாற்றிய பிறகுதான் கூட்ட வேண்டும். கணக்கு எளிது.

இங்கே விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாம் 42.8 சதவீதம். குவார்ட்டர் 180 மி.லி. என்றால் 77 மி.லி. தூய ஆல்கஹால். ஆல்கஹாலின் அடர்த்தி 0.789, எனவே எடையில் ஏறத்தாழ 61 கிராம். 650 மி.லி. பீர் 5 சதவீதம் என்றால் 32.5 மி.லி., அதாவது 25.6 கிராம். ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால் 52 மி.லி., 41 கிராம்.

இப்போது பெட்டிக்கு வாருங்கள். குவார்ட்டர் பெட்டியில் 48 பாட்டில், மொத்தம் 8.64 லிட்டர், தூய ஆல்கஹால் 3.70 லிட்டர். ஃபுல் பெட்டியில் 750 மி.லி. பாட்டில் 12, ஆஃப் பெட்டியில் 375 மி.லி. பாட்டில் 24, இரண்டுமே 9 லிட்டர், தூய ஆல்கஹால் 3.85 லிட்டர். பீர் பெட்டியில் 12 பாட்டில், 7.8 லிட்டர். அதில் தூய ஆல்கஹால் 5 சதவீதத்துக்கு 0.39 லிட்டர், 8 சதவீதத்துக்கு 0.62 லிட்டர். ஒரு குவார்ட்டர் பெட்டிக்குச் சமமாக ஆறு முதல் ஒன்பதரை பீர் பெட்டி வேண்டும். இரண்டையும் ஒன்றுக்கு ஒன்றாகக் கூட்டினால் பீர் அதிகம் போகும் கோடைக்கால நகரம் பெரிய குடிகார ஊராகத் தெரியும்.

ஒரு கற்பனை மாவட்டம் எடுத்துக்கொள்வோம். 15 வயதுக்கு மேற்பட்டவர்கள் 10 லட்சம். மாதம் 1 லட்சம் சரக்குப் பெட்டி, 50 ஆயிரம் பீர் பெட்டி. சரக்கில் 3,70,000 லிட்டர் தூய ஆல்கஹால். பீரை 7 சதவீதம் என்று வைத்தால் பெட்டிக்கு 0.55 வீதம் 27,500 லிட்டர். மொத்தம் 3,97,500. பத்து லட்சத்தால் வகுத்துப் பன்னிரண்டால் பெருக்கினால், வயது வந்தவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 4.77 லிட்டர்.

இந்த ஒரு எண்ணைத்தான் உலக சுகாதார நிறுவனமும் நாடுகளை ஒப்பிடப் பயன்படுத்துகிறது. 15 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் குழந்தைகள் அதிகம் உள்ள ஊர் தானாகவே கீழே இறங்கிவிடும்.

#5 மாஹேக்காரன்

தொகுதியை, அதாவது மேலே உள்ள எண்ணை மட்டும் சரிசெய்து பயன் இல்லை. விற்ற இடமும் குடித்த இடமும் ஒன்றா என்பதுதான் பெரிய கேள்வி.

மாஹேயைப் பாருங்கள். புதுச்சேரியின் ஒரு பகுதி, சுற்றிலும் கேரளம். பரப்பு வெறும் 9 சதுர கிலோமீட்டர், 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஏறத்தாழ 42 ஆயிரம். அந்தச் சின்ன ஊரில் கடைக்குக் கடை மது விற்பதற்குக் காரணம், கேரளத்தைவிட விலை குறைவு. கண்ணூர், கோழிக்கோடு பக்கத்திலிருந்து வந்து வாங்கிப் போகிறார்கள். விற்பனையை மாஹே மக்களால் வகுத்தால் இந்தியாவிலேயே முதலிடம் வந்துவிடும். அங்கே குடியிருப்பவர்கள் என்ன குடிக்கிறார்கள் என்று அந்த எண்ணிலிருந்து ஒன்றும் தெரியாது.

புதுச்சேரி நகரமும் அப்படித்தான். அங்கே ஒரு நல்ல சான்றும் கிடைத்தது. 2020 மே மாதம் கோவிட் வரி போட்டு விலையைத் தமிழ்நாட்டு விலைக்குச் சமமாக்கினார்கள், ஓராண்டு வரை அது நீடித்தது. அப்போது விற்பனை சரிந்தது. ஊரடங்கும் சேர்ந்திருந்த காலம் என்பதால் சரிவு முழுவதையும் விலைக்கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் விலை வித்தியாசத்துக்காக வெளியிலிருந்து வருபவர்கள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நேரடியான தடயம் கிடைப்பது அரிது.

கேரளத்து ஓணப் பட்டியல்களிலும் இதே கோளாறு. சாலக்குடி, இரிஞ்ஞாலக்குடா, கொல்லம் ஆசிரமம் என்று பெயர்கள் வரும். அவை எல்லாம் தனித்தனி பெவ்கோ (கேரள அரசின் மதுக்கழகம்) கடையின் விற்பனை. கடைகள் குறைவாக உள்ள வட்டாரத்தில் ஒவ்வொரு கடைக்கும் கூட்டம் அதிகம். ஐந்து கடை உள்ள நகரத்தில் அது ஐந்தாகப் பிரிந்துவிடும். கடை வரிசையை ஊர் வரிசையாக அச்சடித்துவிடுகிறார்கள்.

#6 வைகைக்கரை

மாஹேக்காரன் அண்ணே, சுற்றுலாப் பயணிகளைப் பகுதியில், அதாவது வகுக்கும் எண்ணில், சேர்த்துவிட்டால் சரியாகிவிடாதா?

#7 மாஹேக்காரன்

பாதிதான் சரியாகும். வழக்கமான முறை, வந்தவர்களின் இரவுத் தங்கல்களை 365-ஆல் வகுத்துக் குடியிருப்பவர்களோடு சேர்ப்பது. உதாரணத்துக்கு ஆண்டுக்கு 20 லட்சம் பேர் வந்து இரண்டு இரவு தங்கினால் 40 லட்சம் இரவு, வகுத்தால் ஏறத்தாழ 11 ஆயிரம் பேர். பெரிய நகரத்துக்கு இது ஒரு தூசு. வருபவர்கள் வீட்டில் இருக்கும் சராசரி மனிதரைப் போலவே குடிப்பார்கள் என்று அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. வார இறுதியில் வருபவர்களில் பெரும்பாலோர் குடிப்பதற்கென்றே வரும் இளவயது ஆண்கள் என்றால் அந்த 11 ஆயிரத்தைப் பல மடங்காக்க வேண்டும். எத்தனை மடங்கு என்பதை விடுதிகளில் தனியாகக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். திரும்பும்போது பையில் எடுத்துப் போகும் பாட்டில் அதிலும் வராது.

தமிழ்நாட்டுக்குள்ளேயே இடம் மாறுவதும் உண்டு. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்னது. 2017 ஏப்ரல் 1 முதல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. நகரத்து விற்பனை அப்படியே பக்கத்துக் கிராமக் கடைக்குப் போனது. பிறகு நகர எல்லைக்குள் விலக்கு வந்ததும் கொஞ்சம் திரும்பி வந்தது. 2016-க்கும் 2018-க்கும் இடையே ஊர்வாரியாக ஒப்பிட்டு யாராவது கட்டுரை எழுதினால் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

#8 கூறெடுப்பு

விற்பனைக் கணக்கின் குறைகள் எல்லாம் சரி. "அப்படியானால் கணக்கெடுப்பு" என்று தாவுவதற்கு முன் அதன் உள்விவரத்தையும் பார்த்துவிடுவோம்.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019–21. 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் குடிப்பவர்கள் தமிழ்நாட்டில் 25.4 சதவீதம், பெண்களில் 0.3. தெலங்கானாவில் ஆண்கள் 43, அருணாச்சலத்தில் ஆண்கள் 53, பெண்கள் 24. நாடு முழுவதும் ஆண்கள் 19 சதவீதம் அளவில். மாவட்ட அறிக்கைகளிலும் இந்த எண் உண்டு, அதனால்தான் எல்லோரும் அதை எடுத்துப் பட்டியல் போடுகிறார்கள்.

கவனிக்க வேண்டியது மூன்று. ஒன்று, மாவட்ட அறிக்கையில் உள்ள 15 வயதுக்கு மேற்பட்டோர் கணக்கு வீட்டுப் படிவத்திலிருந்து வருகிறது. வீட்டில் ஒருவர் எல்லோருக்குமாகப் பதில் சொல்கிறார். மாமியார் மருமகனைப் பற்றிச் சொல்வதும், தாய் கல்லூரி போகும் மகனைப் பற்றிச் சொல்வதும் அதில் சேரும். குறைவாகச் சொல்லப்படுவது இயல்பு. பெண்களின் குடியைப் பற்றி வீட்டார் வாய் திறப்பது அதைவிட அரிது, அதனால் அந்த 0.3-ஐ நான் அப்படியே நம்ப மாட்டேன்.

இரண்டு, இது எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்ற எண். எவ்வளவு குடிக்கிறார்கள் என்று சொல்லாது. பொங்கலுக்கு ஒரு பீர் குடிப்பவரும் தினம் இரண்டு குவார்ட்டர் போடுபவரும் அதில் ஒரே எண்ணிக்கை.

மூன்று, அது மாவட்டம். நகரம் கிடையாது. இந்தியாவில் ஆண்களிடையே குடிப்பவர்கள் கிராமத்தில் 19.9 சதவீதம், நகரத்தில் 16.5. கிராமம்தான் மேலே. கோவை மாவட்ட எண்ணை எடுத்து கோவை நகரம் என்று எழுதினால் பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளியும் அதில் சேர்ந்துவிடுவார்.

தடை உள்ள இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். பீகாரில் 2016 ஏப்ரல் முதல் முழு மதுவிலக்கு. விற்பனைக் கணக்குப்படி பாட்னா சுழியம். அதே ஆய்வில் பீகார் ஆண்களில் 15.5 சதவீதம் குடிப்பதாகப் பதிவாகியிருக்கிறது, மாநிலம் முழுவதற்குமான மதுவிலக்கு இல்லாத மகாராஷ்டிரத்தில் 13.9. சட்டப்படி குற்றம் என்ற நிலையிலும் அத்தனை பேரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள் என்றால் உண்மை அளவு அதற்கு மேல்தான் இருக்கும்.

#9 நிலாமுற்றம்

அமெரிக்காவில் ஆண்டுதோறும் "அதிகம் குடிக்கும் நகரங்கள்" என்று பட்டியல் வருகிறதே, கிரீன் பே, ஆப்பிள்டன், மேடிசன் என்று பாதி விஸ்கான்சின் மாநில ஊர்களாகவே இருக்கும். அவர்கள் எப்படிப் போடுகிறார்கள்? அந்த முறையை இங்கே எடுத்துக்கொள்ள முடியாதா?

#10 கூறெடுப்பு

அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் ஒரே மூலத்திலிருந்து வருகின்றன. நோய்க் கட்டுப்பாட்டு மையம் மாநிலங்களோடு சேர்ந்து தொலைபேசியில் நடத்தும் பி.ஆர்.எஃப்.எஸ்.எஸ். ஆய்வு. கேள்வி, கடந்த 30 நாளில் ஒரே அமர்வில் ஆண் 5, பெண் 4 அல்லது அதற்கு மேற்பட்ட பானம் எத்தனை முறை குடித்தீர்கள் என்பது. அங்கே ஒரு பானம் என்றால் 14 கிராம் தூய ஆல்கஹால். நம் குவார்ட்டர் ஒன்று அவர்கள் கணக்கில் நாலே கால் பானத்துக்கு மேல். அதாவது தனியாக ஒரு குவார்ட்டரைக் காலி செய்யும் ஆண் அவர்களுடைய மிகைக்குடி எல்லையை ஏறத்தாழத் தொட்டுவிடுகிறார். இங்கிலாந்து அலகு 8 கிராம்தான். வேறு வேறு நாட்டுப் பட்டியலை அருகருகே வைக்கும்போது இந்த மாற்றத்தைச் செய்யாமல் விட்டால் எல்லாமே தவறு.

பெண்களுக்கான எல்லை 2006-இல் ஐந்திலிருந்து நாலாகக் குறைக்கப்பட்டது. 2011-இல் கைபேசி எண்களைச் சேர்த்து, யாருடைய பதிலுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்ற முறையையும் மாற்றினார்கள். அந்த ஆண்டு மிகைக்குடி சதவீதம் துள்ளி ஏறியது, காரணம் முறை மாற்றம். அதற்கு முன்பின் ஒப்பிடக் கூடாது என்று அவர்களே சொல்கிறார்கள்.

இன்னொன்று அதிகம் பேருக்குத் தெரியாது. கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) அளவிலும் நகர அளவிலும் வெளியிடும் எண்களில் பல நேரடி அளவீடுகள் அல்ல. ஒரு சிறு நகரத்தில் தொலைபேசியில் பேசியவர்கள் நூற்றுக்கும் குறைவாக இருக்கலாம். அதனால் மாநில அளவில் வயது, பால், இனம், கல்வி ஆகியவற்றுக்கும் குடிக்கும் உள்ள தொடர்பைக் கணித்து, அந்த நகரத்தின் மக்கள்தொகை அமைப்பை அதில் போட்டு எண்ணை வருவிக்கிறார்கள். விஸ்கான்சின் மாநிலத்துக்கே மிகைக்குடி அதிகம், அது உண்மை. ஆனால் அதன் நகரங்களுக்குள் யார் மேலே யார் கீழே என்பது பெரும்பாலும் மக்கள்தொகை அமைப்பின் நிழல். மாணவர்கள் நிறைந்த மேடிசன் மேலே வருவதில் வியப்பு இல்லை. வயதைச் சமப்படுத்திய பிறகுதான் ஊரின் பழக்கத்தைப் பற்றிப் பேச முடியும்: 18–24, 25–34 என்று வயதுக்கூறு வாரியாக அந்த ஊரின் வீதத்தைக் கண்டு, எல்லா ஊருக்கும் பொதுவான ஒரே வயதுப் பங்கால் பெருக்கிக் கூட்ட வேண்டும்.

கணக்கெடுப்பில் சொல்லும் குடியை எல்லாம் லிட்டராக்கிக் கூட்டினால் விற்பனையில் நாலில் ஒரு பங்கு, மூன்றில் ஒரு பங்குதான் வரும் என்று அங்கே கணித்திருக்கிறார்கள். மீதியை யாரும் ஒப்புக்கொள்வதில்லை, நினைவிலும் வைத்திருப்பதில்லை.

#11 பேரேடு

விற்பனைக் கணக்கும் அங்கே அதே ஓட்டையோடுதான். நியூ ஹாம்ப்ஷயர் தலைக்கு விற்பனையில் எப்போதும் உச்சியில். அரசுக் கடை, விற்பனை வரி கிடையாது, கடைகளை நெடுஞ்சாலையோரம் மாநில எல்லைக்கருகில் வைத்திருக்கிறார்கள். மாசசூசெட்ஸ்காரர்கள் வண்டியில் ஏற்றிப் போகிறார்கள். லாஸ் வேகாஸ் நகரத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடி பேர் வருகிறார்கள். ஐரோப்பாவில் லக்சம்பர்க்கும் இப்படித்தான். மாஹே கதை எல்லா நாட்டிலும் உண்டு.

கூறெடுப்பு சொன்ன சதவீதத்தையும் என் விற்பனைக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். என் கற்பனை மாவட்டத்தில் வயது வந்தவருக்கு 4.77 லிட்டர். தமிழ்நாட்டு ஆண், பெண் சதவீதத்தைச் சராசரியாக்கினால் குடிப்பவர்கள் ஏறத்தாழ 13 சதவீதம். 4.77-ஐ 0.13-ஆல் வகுத்தால் குடிப்பவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 36.7 லிட்டர் தூய ஆல்கஹால். நாளைக்கு 79 கிராம், ஒன்றேகால் குவார்ட்டருக்கு மேல், 365 நாளும். சராசரியே அவ்வளவு என்றால் நம்பக் கடினம். அப்படி வரும்போது இரண்டில் ஒன்று பிசகியிருக்கிறது: குடிப்பவர்கள் சதவீதம் குறைத்துச் சொல்லப்பட்டிருக்கிறது, அல்லது வெளியூர்க்காரர்கள் வாங்கியது உள்ளே வந்துவிட்டது. ஒவ்வொரு ஊருக்கும் இந்தச் சோதனையைப் போட்டுப் பாருங்கள். எந்த ஊரில் எண் எகிறுகிறதோ அந்த ஊரின் தரவைத்தான் முதலில் தோண்ட வேண்டும்.

#12 ஆதிரை

பொது சுகாதாரப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. தலைக்கு லிட்டர் என்ற வரிசையும் குடிப்பவருக்கு லிட்டர் என்ற வரிசையும் தலைகீழாக வரக்கூடும். நிறையப் பேர் கொஞ்சம் குடிக்கும் ஊர், கொஞ்சம் பேர் நிறையக் குடிக்கும் ஊர் இரண்டும் முதல் வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கல்லீரல் வார்டில் நிரம்புவது இரண்டாவது ஊர்க்காரர்கள். தமிழ்நாடு பெரும்பாலும் இரண்டாவது வகை. அதனால் ஒரே வரிசை போடாமல் இரண்டு நெடுவரிசையாவது கொடுங்கள்.

குடிபோதையில் வண்டி ஓட்டிய வழக்கு எண்ணிக்கையை வைத்து வரிசை போடுபவர்களும் உண்டு. சட்டப்படி எல்லை 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி. எல்லா ஊருக்கும் அதே எல்லைதான், ஆனால் ஊதிப் பார்க்கும் கருவி எத்தனை, இரவுச் சோதனைச் சாவடி எத்தனை என்பது ஊருக்கு ஊர் வேறு. அந்த வரிசை காவல்துறையின் வேலையை அளக்கிறது, குடியை அளக்கவில்லை. ஈரல் சுருக்க இறப்பு விகிதம் இன்னும் மோசம். பத்து, இருபது ஆண்டுக்கு முன் குடித்ததன் விளைவு இன்றைக்குத் தெரிகிறது, மஞ்சள் காமாலைக் கிருமிகளால் வருவதும் அதோடு கலந்திருக்கிறது.

#13 அடையாற்று வடிகால்

யாரும் கழிவுநீரைப் பற்றிச் சொல்லவில்லையே. இதுவரை பேசிய ஓட்டைகளில் பலவற்றை அது அடைக்கும்.

ஆல்கஹால் உடலில் சிதையும்போது ஒரு சிறு பங்கு எத்தில் சல்ஃபேட் ஆகிச் சிறுநீரில் வெளியேறுகிறது. மூலக்கூறுக் கணக்கில் ஏறத்தாழ 0.012 சதவீதம். இது உடலுக்குள்தான் உண்டாகும், அதனால் தொட்டியில் கொட்டிய பீரோ கைகழுவும் திரவமோ கணக்கைக் கெடுக்காது. கூடவே உண்டாகும் எத்தில் குளுகுரோனைடைப் பயன்படுத்த முடியாது, சாக்கடையில் உள்ள ஈ.கோலி பாக்டீரியாவின் நொதி அதைச் சிதைத்துவிடும். ஆஸ்லோவில் 2011 வாக்கில் முதலில் செய்து காட்டினார்கள், பிறகு பல நாட்டு நகரங்களில் ஒரே முறையில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

செய்முறை. சுத்திகரிப்பு நிலையத்துக்குள் நீர் நுழையும் இடத்தில் 24 மணி நேரக் கலவை மாதிரி எடுக்க வேண்டும். நீரோட்டத்தின் அளவுக்கேற்ற விகிதத்தில், குறுகிய இடைவெளியில். ஒரு வாளி மொண்டு வந்தால் பயன் இல்லை, காலைச் சிறுநீர் வரும் நேரமும் மதியமும் வேறு வேறு. ஏழு நாளும் எடுக்க வேண்டும், சனி, ஞாயிறில் அளவு ஏறும். உறையவைத்துக் கொண்டுபோய் திரவ வண்ணப்பிரிகை, நிறை அலைமாலைக் கருவியில் அளக்கிறார்கள்.

கணக்கு: எத்தனாலின் மூலக்கூறு எடை 46, எத்தில் சல்ஃபேட்டுக்கு 126. 46-ஐ 126-ஆல் வகுத்து, அதை 0.00012-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3,040. ஒரு கிராம் எத்தில் சல்ஃபேட் வந்தால் அந்த ஊரார் மூன்று கிலோ ஆல்கஹால் குடித்திருக்கிறார்கள். ஒரு நிலையத்துக்கு நாளைக்கு 10 கோடி லிட்டர் வருகிறது, லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று வைத்தால் ஒரு கிலோ எத்தில் சல்ஃபேட், 3,040 கிலோ ஆல்கஹால். அந்த நிலையத்தோடு இணைந்தவர்கள் 8 லட்சம் என்றால் தலைக்கு 3.8 கிராம், ஆண்டுக்கு 1.76 லிட்டர். வயது வந்தோர் முக்கால் பங்கு என்றால் 2.3 லிட்டர்.

டாஸ்மாக் சரக்கு, கள்ளச்சாராயம், புதுச்சேரியிலிருந்து வந்த பாட்டில், ஓட்டல் பார் எதுவானாலும் இதில் வந்துவிடும். யாரும் பொய் சொல்லவும் முடியாது.

#14 கூறெடுப்பு

முறை நல்லதுதான், ஆனால் நம் ஊரில் எத்தனை வீடு பாதாளச் சாக்கடையில் இணைந்திருக்கிறது? கோயம்பேடு, கொடுங்கையூர், நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்கள் உள்ள சென்னையிலேயே 2011-இல் சேர்ந்த புறநகர்ப் பகுதிகளில் செப்டிக் டேங்க்கும் லாரியும்தான் நெடுங்காலம். மாநகராட்சி 174-இலிருந்து 426 சதுர கிலோமீட்டர் ஆன பிறகு சாக்கடை எல்லையும் நகர எல்லையும் பொருந்தவே இல்லை. கட்டடத் தொழிலாளர் குடியிருப்பும் கால்வாய் ஓரமும் விடுபட்டால் அதிகம் குடிக்கும் ஒரு பிரிவே விடுபடுகிறது. மழைக்காலத்தில் மழைநீர் புகுந்து செறிவு குறையும் என்பதையும் பார்க்க வேண்டும்.

#15 அடையாற்று வடிகால்

செறிவு குறைந்தால் ஓட்டத்தின் அளவு கூடியிருக்கும், இரண்டையும் பெருக்குவதால் மொத்தம் மாறாது. ஓட்டமானி சரியாக இருந்தால் மட்டும். அது பழுதாக இருக்கும் நிலையத்தில் எண்ணை எடுக்கவே வேண்டாம். இணைப்பு பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அதனால் இதை ஊர் வரிசைக்குப் பயன்படுத்தாமல், விற்பனைக் கணக்கு எவ்வளவு பிசகுகிறது என்று ஒரு வட்டாரத்தில் சரிபார்க்கப் பயன்படுத்தலாம். 0.012 என்ற எண்ணும் ஆளுக்கு ஆள் மாறும், லட்சக்கணக்கானோரில் சராசரியாகிவிடும்.

#16 ஆதிரை

பதிவாகாத குடியைச் சேர்க்காமல் இந்தியாவில் எந்த வரிசையும் நிற்காது. உலக சுகாதார நிறுவனத்தின் 2018 அறிக்கை இந்தியாவுக்கு 5.7 லிட்டர் என்றது, அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு பதிவாகாதது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை, அதனால் இறக்கிக் குடிக்கும் கள் எந்தப் பேரேட்டிலும் இல்லை. 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் எண்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் குடித்த ஒரு மில்லிகூட டாஸ்மாக் கணக்கில் வந்திருக்காது. விற்பனை குறைந்த மாவட்டம் என்று பட்டியலில் பச்சை நிறம் அடிக்கும் முன் அங்கே மலிவான மாற்று என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். கர்நாடக எல்லைப் பக்கம் அங்கிருந்து கடத்தி வரும் 90 மி.லி. அட்டைப் பாக்கெட்டும் இதே வகை.

#17 வைகைக்கரை

எல்லாவற்றையும் வைத்து, டாஸ்மாக்கிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் மாவட்ட வாரியாகக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். எப்படிக் கேட்டால் பயன்படும் பதில் வரும்?

#18 பேரேடு

இருக்கும் பதிவேட்டைக் கேளுங்கள், கணக்குப் போட்டுத் தரச் சொல்லாதீர்கள். "எந்த மாவட்டம் அதிகம் குடிக்கிறது" என்று கேட்டால் அப்படி ஒரு ஆவணம் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கேட்க வேண்டியது:

இன்ன ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை, மாத வாரியாக, டாஸ்மாக் மாவட்ட வாரியாக, கடைகள் விற்ற ஐ.எம்.எஃப்.எஸ். (பிராந்தி, விஸ்கி, ரம் போன்ற சரக்கு) பெட்டிகள், பாட்டில் அளவு (180, 375, 750, 1000) தனித்தனியாக. பீர் பெட்டிகள் தனியாக, ஒயின் தனியாக. எஃப்.எல்.2, எஃப்.எல்.3 உரிமதாரர்களுக்குக் கிடங்கிலிருந்து கொடுத்தது தனியாக. மாத இறுதியில் இயங்கிய கடை எண்ணிக்கை.

பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கட்டணத்தோடு. பதிலுக்கு 30 நாள். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் 19(1) பிரிவில் முதல் மேல்முறையீடு.

முக்கியம்: டாஸ்மாக் மாவட்டமும் வருவாய் மாவட்டமும் ஒன்றல்ல. சென்னை வடக்கு, மத்திய, தெற்கு என்றும் கோவை வடக்கு, தெற்கு என்றும் பிரித்து வைத்திருக்கிறார்கள். எந்தெந்த வட்டம் எதில் வருகிறது என்ற பட்டியலையும் அதே மனுவில் கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மக்கள்தொகையைப் பொருத்த முடியாது.

ஒரு மாதத்தை மட்டும் எடுக்காதீர்கள். மே தினம், ஆகஸ்ட் 15, காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம் போன்ற நாட்களில் கடை மூடல். முந்தின நாளே வாங்கி வைத்துவிடுகிறார்கள், ப்ளாக்கில் விற்பவரும் அன்றைக்கே எடுத்து வைக்கிறார். பன்னிரண்டு மாதம் சேர்த்தால் இது எல்லாம் கரைந்துவிடும்.

#19 கூறெடுப்பு

வந்த பிறகு 1, 2, 3 என்று இடம் கொடுக்காதீர்கள் என்பது என் வேண்டுகோள். கணக்கெடுப்பில் ஒரு மாவட்டத்தில் 400 ஆண்கள், 25 சதவீதம் குடிப்பவர்கள் என்று வந்தால் பிழை எல்லை இரண்டு பக்கமும் 4.2 புள்ளி. கொத்துக்கொத்தாக மாதிரி எடுப்பதால் அது 5 புள்ளிக்கு மேல் போகும். அதாவது 20-க்கும் 30-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். 23 உள்ள ஊரும் 27 உள்ள ஊரும் வேறு என்று சொல்லவே முடியாது, ஆனால் பட்டியலில் இடையே பத்து ஊர் நிற்கும். உயர்ந்தவை, நடுத்தரம், குறைந்தவை என்று மூன்று கட்டாகப் பிரித்து, ஒவ்வொரு ஊருக்கும் கீழ் எல்லையும் மேல் எல்லையும் போடுங்கள். எல்லை இரண்டு கட்டைத் தொட்டால் அதையும் குறியுங்கள்.

#20 நிலாமுற்றம்

மக்கள்தொகைக்கு எதை எடுப்பது? 2011-க்குப் பிறகு கணக்கெடுப்பின் முழு எண்களே கையில் இல்லை. திருப்பூர், ஓசூர் மாதிரி ஊர்களில் வடமாநிலத் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று யாரிடம் கேட்பது?

#21 பேரேடு

அந்த இரண்டு ஊரையும் வரிசையில் சேர்க்காமல் தனியாக வையுங்கள். 2011-ஐ அப்படியே எடுத்தால் திருப்பூரின் பகுதி குறைந்து, தலைக்குக் குடி செயற்கையாக ஏறும். வந்திருப்பவர்களில் பெரும்பாலோர் வேலை செய்யும் வயது ஆண்கள், அதனால் 15-க்கு மேற்பட்டோர் முக்கால் பங்கு என்ற பொதுவான கணக்கும் அங்கே பொருந்தாது. வாக்காளர் பட்டியல் உதவாது, அவர்கள் சொந்த ஊரில்தான் வாக்காளர்கள். தொழிலாளர் வருங்கால வைப்புநிதி, இ.எஸ்.ஐ. பதிவு எண்ணிக்கையை மாவட்ட வாரியாக எடுத்தால் ஒரு கீழ் எல்லை கிடைக்கும், பதிவில்லாத சிறு பட்டறைகள் அதற்கு மேல். குறைந்த, அதிக மக்கள்தொகை இரண்டையும் வைத்து இரண்டு முறை வகுத்து, இரண்டு விடையையும் போடுங்கள். மற்ற மாவட்டங்களுக்கு மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்புக் குழு வெளியிட்ட மாநில வளர்ச்சி வீதப்படி 2011 எண்ணை உயர்த்தினால் இப்போதைக்குப் போதும்.

பதில் வந்ததும் அட்டவணையை இங்கேயே போடுங்கள் வைகைக்கரை. பீர் சதவீதத்தை 5, 7, 8 என்று மூன்றாகவும் மாற்றிப் போட்டு வரிசை எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்கலாம், அந்த வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.